கடன் நோட்டிலிருந்து பதிவேட்டுக்கு: கல்குவாரி வேலைக்குள் நாம் நுழைந்த வரலாறு



திருப்போரூர் – செங்கல்பட்டு சாலையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாகப் போகும். சிறுசேரி, கேளம்பாக்கம், நாவலூர் என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழுந்திருக்கும் கட்டடங்களுக்குள் இருப்பது நம் மாவட்டத்தின் மலைகள்தான். அந்த மலைகளை உடைக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் போயர் குடும்பங்களிலிருந்தும் போகிறவர்கள்.

பன்னிரண்டாவது முடித்துவிட்டோ பாதியில் நிறுத்திவிட்டோ இருக்கும் தம்பிகளுக்கு முதலில் கையில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று குவாரி வேலை. "போகலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேலையே கிடைக்காத ஊரில் "போகாதே" என்று சொல்வது எளிதான பதில். அதனால் யாருடைய அடுப்பும் எரியாது. "எப்படிப் போகிறாய், உன் பெயரை எந்த நோட்டில் எழுதப் போகிறார்கள்?" என்றுதான் நாம் திருப்பிக் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது.

கல்லுக்குப் பெயர் இருக்கிறது

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். தேரையும் யானையையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வேலை முடியாத பாறைகளில் வரிசையாகச் சிறு சிறு குழிகள் இருக்கும். ஆப்பு இறக்கிக் கல்லைப் பிளப்பதற்காக வெட்டிய குழிகள் அவை. பல்லவ மன்னர்களின் பட்டப்பெயர்கள் கல்வெட்டுகளில் நிறைய இருக்கின்றன. அந்தக் குழியை வெட்டிய கை யாருடையது என்று நமக்குச் சொல்ல ஆளில்லை.

இன்னும் கிட்டத்துக் கதை ஒன்று. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல் நம் பரங்கிமலை – பல்லாவரம் பக்கத்துப் பாறை வகையைச் சேர்ந்தது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கே 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது. கல்லுக்கு அடியில் புதைக்கப்பட்டவரின் பெயர் கல்லுக்குக் கிடைத்தது. பல்லாவரத்தில் அதை வெட்டி எடுத்தவர்களுக்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லை.

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு சரளைக் குழியில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. குழியைத் தோண்டியவர் அந்தப் பாடத்தில் வரமாட்டார்.

ஒரு துறையில் நுழைகிறவன் எந்த ஏட்டில் பதிவாகிறான் என்பதுதான் அவன் அந்தத் துறையில் எதுவரை போவான் என்பதைத் தீர்மானிக்கிறது. கல்வேலையில் நம் ஆட்கள் வெகுகாலம் ஒரே ஓர் ஏட்டில்தான் இருந்தார்கள். அது கடன் நோட்டு.

நிலம் இல்லாதவன் கல்லுக்குப் போனான்

செங்கல்பட்டு, மிராசி முறை வேரூன்றிய மாவட்டம். ஊரின் விளைநிலம் மட்டுமல்ல, தரிசு, புறம்போக்கு மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். தரிசு நிலத்தைக் கேட்டு ஒரு பறையர் அரசிடம் மனுப் போட்டால் அதைத் தடுக்கும் செல்வாக்கு அவர்களிடம் இருந்தது. குடியிருக்கும் சேரி மனைகூடச் சொந்தமில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாக இருந்தவர்கள் நம் பாட்டன்மார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பெரும் பஞ்சத்தில் இவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். அரசு நிவாரணமாகக் கொடுத்தது வேலை. சாலைக்குக் கல் உடைப்பதும் மண் சுமப்பதும் அந்த வேலைகளில் முக்கியமானவை. நம் கடற்கரை ஓரமாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் சில பகுதிகள் பஞ்சக் கூலிகளை வைத்து வெட்டப்பட்டவை. சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். பட்டினி கிடப்பவனுக்குக் கல்லுடைப்பு என்பது அன்றைக்கு அரசாங்கமே கண்டுபிடித்த வழி.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலமின்மையும் கடனும் எப்படி மனிதர்களைக் கட்டிப்போடுகின்றன என்பதை அதில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையில்தான் நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம் இருக்கிறது. அடுத்த வருடம், 1893இல், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஹாலண்ட் கல்லுக்குப் பெயர் வைத்த அதே வருடத்தில், பெயர் சொல்லக் கூசிய மக்களின் பெயரையே பத்திரிகைக்கு வைத்தார் ஒருவர்.

பஞ்சமி நிலம் கிடைத்தவர்களில் எத்தனையோ பேர் கைமாற்றி இழந்தார்கள். அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று, காரணை நிலப் பிரச்சினைக்காக, ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நிலப் போராட்டத்தையும் குவாரிப் பிரச்சினையையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். நிலம் கையில் இருப்பவன் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு குவாரிக் கொட்டகைக்குப் போகமாட்டான்.

முன்பணம் எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் குவாரி பற்றிப் பேச முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மருத்துவச் செலவுக்காக முதலாளியிடம் முப்பதாயிரம் முன்பணம் வாங்குகிறது. கூலி நாளுக்கு இல்லை; லோடுக்கு. வெடிமருந்து, உளி, கம்ப்ரசர் வாடகை எல்லாம் அந்த லோடுக் கூலியில் பிடிக்கப்படுகிறது. வாரக் கடைசியில் கையில் வருவது 'செலவுக்காசு' மட்டும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது, அந்த நாட்களின் சாப்பாடும் கடனில் சேரும். கை நசுங்கினால் ஆஸ்பத்திரிச் செலவும் கடன். ஒரு வருடம் கழித்து நோட்டைத் திறந்தால் முப்பதாயிரம் நாற்பதாயிரமாக இருக்கும்.

வேறு குவாரிக்குப் போக வேண்டுமென்றால், புதிய முதலாளி பழைய முதலாளிக்குப் பணம் கட்டி ஆளை எடுத்துக்கொள்கிறார். மாடு கைமாறுவது போல மனிதர் கைமாறுகிறார். இந்த நோட்டில் மனைவியின் பெயர் இருக்காது. 'ஜோடி' என்ற ஒரே கணக்கில் அவள் மறைந்துபோவாள். அம்மாவோடு உட்கார்ந்து சிறு சுத்தியலால் ஜல்லி உடைத்த பிள்ளைக்குக் கணக்கே கிடையாது. அந்தப் பிள்ளையின் குவாரி வாழ்க்கை எந்த வயதில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கூலி வாங்கியவர்கள் பத்திரிகை நடத்தினார்கள்

கல்லுக்கும் சுரங்கத்துக்கும் போன நம் ஆட்கள் எல்லாரும் கடன் நோட்டு வழியாகவே போகவில்லை. கோலார் தங்கவயலைப் பாருங்கள்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே வந்தபின், மண்ணுக்கு அடியில் இறங்கி வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்து அதிகமாகவும் மற்றத் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஆதிதிராவிடர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஆள் பிடித்துக் கொடுத்த காண்ட்ராக்டர்களின் பிடி அங்கேயும் இருந்தது. ஆனால் ஊரில் இருந்த பண்ணை அங்கே இல்லை. வேலைக்குப் பின் பணமாகக் கூலி வந்தது.

அந்தக் கூலியைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நம் வரலாற்றின் பெருமை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை வளர்ந்தது. பள்ளிக்கூடம் வந்தது, அச்சகம் வந்தது. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்கு, அவர் மறைந்தபின் 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து மறுபடி உயிர்கொடுத்தார் ஜி. அப்பாதுரையார். பகலில் சுரங்கத்தில் பாறை உடைத்தவர்கள் இரவில் பௌத்தமும் பகுத்தறிவும் விவாதித்தார்கள். கடன் நோட்டிலிருந்து பெயர் வெளியே வந்தால் அந்தப் பெயர் எங்கெல்லாம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் தங்கவயலைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. மேற்பார்வை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் போனது. அடி ஆழத்து வேலை நமக்கு வந்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிடிக்காத ஆளை அடையாளம் கண்டு விரட்டும் ஏடு அது என்று அவர்களுக்குப் புரிந்தது. பதிவேடு என்றாலே நமக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏட்டை யார் வைத்திருக்கிறார்கள், அதில் தொழிலாளிக்கு என்ன உரிமை என்பதைப் பார்க்க வேண்டும்.

நுரையீரலும் ஒரு ஏடுதான். இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் 1934இல் பதிவானது கோலார் தங்கவயலில். 1940களில் அங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு அந்நோய் இருந்தது. பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கிவிடும். குணமாக்க மருந்து கிடையாது. தூசியைத் தடுப்பது ஒன்றே வழி. இன்று நம் மாவட்டத்துக் கிரஷரில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கும் தம்பி சுவாசிப்பதிலும் அதே சிலிக்கா இருக்கிறது. காசநோய் என்று தவறாக மருந்து சாப்பிட்டே காலம் போகிறவர்களும் உண்டு.

2001இல் தங்கவயல் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் இன்று பெங்களூருக்கு ரயிலேறித் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

சட்டம் வந்தது

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன் 6ஆம் பிரிவு கொத்தடிமைக் கடனை ரத்து செய்கிறது. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சேரும் என்கிறது 15ஆம் பிரிவு. அதாவது அந்த நோட்டுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கொடுத்தவருக்கு எதிரான சாட்சியாக வேண்டுமானால் பயன்படும்.

இந்தச் சட்டம் உயிர்பெற்றதும் ஒரு கல்குவாரியால்தான். ஃபரீதாபாத் குவாரித் தொழிலாளர்கள் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1983 டிசம்பர் 16 அன்று தீர்ப்புச் சொன்னது. கட்டாய உழைப்பு இருப்பது தெரிந்தால், அது முன்பணத்துக்கு ஈடான உழைப்பு என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்றது. அதற்கு முந்தைய வருடம், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

தமிழ்நாட்டில் என்ன நிலை? உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் சிராஜ் சேட், பெலிக்ஸ் சுகிர்தராஜ் இருவரும் 1995இல் அறிக்கை கொடுத்தார்கள். மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் என்றது அது. பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும். கல்குவாரியும் அந்தத் தொழில்களில் ஒன்று. அரசு இந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வேலை வாங்குவது தனிக் குற்றம். முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் வேலை.

பெண்கள் குத்தகை எடுத்தபோது

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் வேறொன்று நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். அறிவொளி இயக்கத்தில் படிக்க வந்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதே பெண்களில் கல்லுடைப்போர் இருந்தார்கள். காண்ட்ராக்டர்களிடம் கட்டுண்டு கிடந்த அவர்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. 'ஜோடி'க் கணக்கில் மறைந்திருந்த பெண் குத்தகை ஆவணத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுதப் படிக்கக் கற்றதும் குத்தகை எடுத்ததும் ஒரே காலத்தில் நடந்தது தற்செயல் இல்லை. கணக்கைத் தானே எழுதத் தெரிந்தவளிடம் கடன் நோட்டை நீட்ட முடியாது.

ஒரு நல்ல அதிகாரியின் காலத்தில் கிடைப்பது அவர் மாற்றலாகிப் போனதும் ஆட்டம் காணும் என்பதும் அந்த அனுபவத்தின் பாடம். அமைப்பாகத் திரண்டால்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

இன்று வேலைக்குப் போகிற தம்பிக்கும் தங்கைக்கும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். குவாரி என்பது ஒரு துறை. அதில் ஏணி இருக்கிறது. துளை போடுபவர், மேட், வெடி வைக்கும் பிளாஸ்டர், ஃபோர்மேன், மேலாளர் என்று படிகள் உண்டு. இந்தப் பொறுப்புகளுக்கு, தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றிதழ் தருகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் பட்டப்படிப்பே இருக்கிறது. பொறியாளராகவும் நிலவியலாளராகவும் சுரங்க ஆய்வாளராகவும் நம் பிள்ளைகள் குவாரிக்குள் நுழைய முடியும்.

ஆனால் மேட், பிளாஸ்டர் தேர்வுக்கு உட்கார அனுபவச் சான்று வேண்டும். பத்து வருடம் பாறையில் துளை போட்டவனின் பெயர் வேலையாட்கள் பதிவேட்டில் இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் அவன் ஒருநாள்கூட வேலை செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்த அத்தனை வேலைக்கும் காகிதத்தில் மதிப்பு பூஜ்யம். இன்றைய குவாரியில் சாதியின் கோடு இந்த இடத்தில்தான் கிழிக்கப்படுகிறது என்பது என் கருத்து. படிக்கட்டு எல்லாருக்கும் பொது என்பார்கள்; முதல் படியில் கால் வைத்ததற்கான அத்தாட்சியை மட்டும் நமக்குத் தரமாட்டார்கள்.

ஆகவே முதல் நாளே பார்க்க வேண்டியவை:

வயது. பதினெட்டு நிறையாதவரைச் சுரங்க வேலையில் வைக்கச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் இதையே சொல்கிறது.

முன்பணம். வாங்காமல் இருக்க முடிந்தால் வாங்காதீர்கள். குடும்ப நெருக்கடியில் வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் சங்கத்துக்கோ தெரிந்த தோழருக்கோ சொல்லிவிட்டு வாங்குங்கள். யாருக்கும் தெரியாத கடன்தான் சங்கிலியாகிறது.

பெயர். வேலையாட்கள் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதா? கணவனும் மனைவியும் போனால் இரண்டு பெயர், இரண்டு கூலி.

உடல். வேலையில் சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் 1955ஆம் வருடச் சுரங்க விதிகளில் உள்ளன, செலவு முதலாளியுடையது. முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே உங்கள் கையில் இருந்தால், பின்னால் நுரையீரல் கெடும்போது "வரும்போதே நோயோடு வந்தான்" என்று யாரும் சொல்ல முடியாது.

பயிற்சி. வேலைக்கு முன் தொழிற்பயிற்சி தர வேண்டும் என்று 1966ஆம் வருட விதிகள் சொல்கின்றன. வெடிமருந்தைச் சான்றிதழ் பெற்றவர்தான் கையாளலாம்.

"இது சின்னக் குவாரி, சுரங்கச் சட்டம் பொருந்தாது" என்பார்கள். 1952 சட்டம் தந்த விலக்கு, ஆழம் ஆறு மீட்டரைத் தாண்டாமல், ஐம்பது பேருக்கு மேல் இல்லாமல், வெடியும் பயன்படுத்தாமல் இருந்தால்தான். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். வெடிச்சத்தம் கேட்கும் குவாரிக்கு அந்த விலக்கு இல்லை. இந்தச் சட்டம் இப்போது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-க்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. புதிய விதிகளில் எது நின்றது, எது போனது என்று படித்துச் சொல்வது சட்ட மாணவத் தோழர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.

ஊர்க் கணக்கெடுப்புக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்று. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "உங்கள் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் கடன் நோட்டு என்றால் அது மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம். விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் திரும்பக் கூடாது. அது இல்லாமல் மறுவாழ்வு உதவி நகராது. பதில் பதிவேடு என்றால் அனுபவச் சான்றை எழுதி வாங்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கூட உட்கார்ந்து உதவுங்கள்.

2017 வறட்சியில் மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னை குடித்தது. 2019இலும் குடித்தது. அந்தப் பள்ளங்களை வெட்டியவர்களுக்கு எத்தனை நாள் கூலி பாக்கி என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இனி வெட்டப்படும் பள்ளங்களுக்காவது அந்தக் கணக்கை நாம் எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.